ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு தீவு

அந்தத் தீவின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கள் சனம் அடுத்த சனிக்கிழமையே பஸ் பிடித்துவிடும். யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலம் தாண்டித் தீவுப் பக்கம் போய், இறங்குதுறையில் வள்ளம் ஏறி, கொஞ்ச நேரம் உப்புத்தண்ணீர் முகத்தில் தெறிக்கப் போனால் வரும் ஒரு சின்னத் தீவு என்பது மட்டும் போதும். வெள்ளை மணல். நெடுந்தூரத்துக்கு இடுப்பளவுக்கு மேல் ஏறாத தண்ணீர். அதற்குள்ளே முருகைக்கல், அதுதான் பவளப்பாறை. முருகைக்கல் இருக்கும் இடத்தில் மீன் இருக்கும். மீன் இருக்கும் இடத்தில் இப்போதெல்லாம் என் மகன் இருப்பான்.

அவன் எனக்கு ஒரே பிள்ளை. கனடாவில் இருக்கிறான். நாற்பது வயதுக்குப் பிறகு அவனுக்கு ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது. முகத்தில் கண்ணாடி மாட்டி, வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு, கடலில் குப்புற மிதந்து மீன் பார்ப்பது. ஸ்னோர்க்கலிங் என்று பெயராம். கியூபாவுக்கும் மெக்சிக்கோவுக்கும் குடும்பத்தோடு போய் மிதந்துவிட்டு எனக்குப் படம் அனுப்புவான். படத்தில் முதுகு மட்டும்தான் தெரியும். "தெரியுதோ அம்மா, அது நான்தான்" என்று கீழே எழுதியிருப்பான். பெற்றவளுக்குப் பிள்ளையின் முதுகு தெரியாமல் போகுமா?

தை கழிந்த கையோடு ஒரு நாள் சொன்னான், பங்குனியில் பத்து நாள் வருகிறேன் என்று. மருமகளுக்கு லீவில்லை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். தனியாகத்தான் வருகிறான்.

"எங்கடை பக்கம் உப்பிடி ஒரு கடல் இல்லையோ அம்மா?"

"இருக்கு" என்றேன்.

எனக்கு என்ன தெரியும்? நான் பண்டத்தரிப்புக்காரி. சேவைக்காலம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவள். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் தோட்டக்காரக் குடும்பத்துக்குக் கடல் என்றால் படலைக்கு வரும் மீன்பெட்டி, அவ்வளவுதான். கணுக்காலுக்கு மேல் நனைத்தது கிடையாது. ஆனாலும் இருக்கு என்று சொன்னேன். எனக்கு ஒரு தேவை இருந்தது.

அவனிடம் நான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். என்னால் இனித் தனியாக இருக்க முடியாது என்ற விஷயம்.

அவனுடைய அப்பா போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான். ஒவ்வொரு பின்னேரமும் மகன் அழைப்பான். எங்களுக்குப் பொழுது படும் நேரம் அவனுக்கு விடியும் நேரம். வேலைக்கு வெளிக்கிட்டு, காரை இயக்கிவிட்டுத்தான் என்னைக் கூப்பிடுவான். பின்னால் எஞ்சின் உறுமிக்கொண்டிருக்கும். "எப்பிடி அம்மா?" என்பான். "நல்லா இருக்கிறன்" என்பேன். சாப்பாடு, மழை, மின்சாரம் போனது, பிள்ளைகளின் சளி. பிறகு "சரி அம்மா, வெளிக்கிடுறன்" என்பான். எஞ்சின் சத்தம் பெருக்கும். அதோடு சரி.

நல்லா இருக்கிறேன் என்பது பொய்யும் இல்லை. பழக்கம். பிரசர் குளிசை போடுகிறேன், முழங்கால் பரவாயில்லை, கள்ளர் பயமும் இல்லை. ஆனால் ஆறு மணிக்குப் படலையைப் பூட்டிவிட்டு உள்ளே வந்து, அவனுடைய அழைப்பும் முடிந்தால் அதற்குப் பிறகு என் குரலை நானே கேட்பதில்லை. வானொலியில் செய்தி வாசிப்பவரோடு வாதாடத் தொடங்கியிருந்தேன். ஒரு முறை சோறு வடிக்கையில் கை சுட்டுவிட்டது. "ஐயோ" என்று சொல்லிவிட்டு, என்ன என்று யாராவது கேட்பார்கள் என்பது போலக் கொஞ்ச நேரம் நின்றேன். அன்றைக்குத்தான் தீர்மானித்தேன், இதை அவனிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று. அங்கே கூட்டிக்கொண்டு போகிறாயா, இங்கே வேறு வழி பார்ப்போமா, இரண்டு பேரும் இருந்து கதைப்போம் என்று. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்கு மேலால் சொல்லக்கூடிய விஷயமா அது?

சரி, ஆள் வீட்டுக்கு வரத்தானே போகிறான், அப்போது சொல்லலாமே என்று கேட்பீர்கள். அப்படிக் கேட்பவருக்கு யாழ்ப்பாணத்தில் சொந்தம் இல்லை என்று அர்த்தம். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளை எங்கள் ஊரில் தன் வீட்டுக்குச் சொந்தமில்லை. விமான நிலையத்திலிருந்து வான் வந்து நின்ற நாள் தொடங்கி அவன் ஒவ்வொரு வீடாகப் போய் முகம் காட்ட வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் சோடா, ரோல்ஸ், கேக். போதும் என்று சொல்லக்கூடாது. ஒரு வீடு தவறினால், "எங்கடை படலை அவைக்குத் தெரியேல்லை" என்று அந்தக் கோபம் அடுத்த தலைமுறைவரை போகும். நாங்கள் போகாத நேரத்தில் அவர்கள் வருவார்கள். போன முறை அவன் வந்தபோது நானும் அவனும் தனியாக இருந்தது அவன் நித்திரையாய்க் கிடந்த நேரம் மட்டும்தான். நான் கதிரையைப் போட்டுப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே நான் தேடியது கடலை அல்ல. சொந்தக்காரர் இல்லாத ஒரு நிலத்தை.

படலைக்கு வரும் மீன்காரர்தான் அந்தத் தீவைச் சொன்னார். அங்கே அவருக்குத் தெரிந்த வள்ளக்காரர் ஒருவர் இருந்தார். காலையில் கொண்டுபோய் விட்டு, பின்னேரம் வந்து ஏற்றுவார். நடுவில் யாரும் வரமாட்டார்கள், போகவும் முடியாது. வாடைக் காற்று அடங்கி, சோளகக் காற்று கிளம்புவதற்கு முந்திய அந்தக் கொஞ்ச நாளில் கடல் கண்ணாடி போலக் கிடக்கும் என்றார். பங்குனி சரியாக அதற்குள் விழுந்தது. எனக்குக் கடவுளே நாள் குறித்துக் கொடுத்தது போல இருந்தது. இரண்டு பேருக்கு வள்ளம் சொல்லிவைத்தேன். பாண், மீன் கட்லெட், பிளாஸ்க்கில் பிளேன்ரீ. ஒருவருக்கும் ஒரு மூச்சு விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். வெங்காயம் உரிக்கும்போது, சொல்லப்போவதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அழாமல் சொல்ல வேண்டும். அழுதால் பிள்ளை பயந்துவிடும்.

அவன் வருவதற்கு முதல் அவன் போட்ட பெட்டி வந்து சேர்ந்தது. சொக்லேற், சவர்க்காரம், பால்மா எல்லாவற்றுக்கும் அடியில் அந்த முகக்கண்ணாடி இரண்டு, குழாய் இரண்டு. ஒன்று எனக்காம். "வரேக்கை நீங்களும் இறங்க வேணும், பழகி வையுங்கோ" என்று சொல்லியிருந்தான்.

பழகினேன். கிணற்றடித் தொட்டியை நிரப்பிவிட்டு, விளிம்பைப் பிடித்துக்கொண்டு முகத்தை உள்ளே வைத்தேன். முதல் நாள் தொட்டித் தண்ணீரில் பாதியைக் குடித்தேன். அடுத்த நாள் மூக்கால் மூச்சு விட்டுக் கண்ணாடி முழுக்க மூடுபனி போலப் புகார். வாயால் இழுத்து வாயால் விடப் பழகுவதற்கு ஒரு கிழமை எடுத்தது. அடியில் பாசியும் இரண்டு இலையும் தெரிந்தன. எனக்கு அதுவே பெரிய சந்தோஷமாக இருந்தது. கன காலத்துக்குப் பிறகு புதிதாக ஒன்று படிக்கிறேன் அல்லவா.

ஒரு நாள் பழகி முடித்து, குழாயையும் கண்ணாடியையும் உடுப்புக் கொடியில் மாட்டிவிட்டு இருமிக்கொண்டு நின்ற நேரம் மச்சாள் வந்தார். என் கணவரின் தங்கை, அடுத்த ஒழுங்கையில் இருக்கிறார். கொடியில் தொங்கிய குழாயைப் பார்த்தார். கண்ணாடி அழுத்திச் சிவந்துபோயிருந்த என் முகத்தைப் பார்த்தார். நான் இருமினேன். மச்சாள் ஒன்றும் கேட்கவில்லை. நோயைப் பற்றி நோயாளியிடம் கேட்கும் பழக்கம் எங்களிடம் இல்லை. மற்ற எல்லாரிடமும் கேட்போம். என் கையைப் பிடித்து, "கடவுள் இருக்கிறார் மச்சாள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் போதகர், சுவாச நோயால் வருந்தும் எங்கள் சகோதரிக்காக ஜெபிப்போம் என்றார். யார் பாவம் என்று நானும் கண்ணைத் திறந்து பார்த்தேன். எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெபித்தார்கள், உருகித்தான் ஜெபித்தார்கள். ஆனால் அந்தக் கிழமை என் படலையைத் திறந்து வந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் குழாயைப் பார்க்க வந்தவர்.

செய்தி கனடாவுக்குப் போக அதிக நேரம் எடுக்காது. அம்மா குழாய் வைத்து மூச்சு விடுகிறா என்று யாராவது அவனுக்குச் சொல்லிவிட்டால்? மச்சாளைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். தீவு, மீன், தொட்டி எல்லாம். மச்சாளின் முகத்தில் நிம்மதி வரும் என்று பார்த்தேன். முகம் விழுந்துவிட்டது.

"எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லாமலோ மச்சாள்? அவன் என்ரை அண்ணையின்ரை பிள்ளை எல்லோ."

"சொல்லத்தான் இருந்தனான்."

"அப்ப நாங்களும் வாறம்."

இந்த இடத்தில்தான் நான், இல்லை மச்சாள், இது எனக்கும் பிள்ளைக்கும் மட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லக்கூடிய ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணை எனக்குக் காட்டுங்கள். "ஓம், அதுக்கென்ன, வாங்கோவன்" என்றது என் வாய். வாயில் இரண்டு அறை போடலாம் போல இருந்தது. மச்சாள் வருவதென்றால் மச்சாளின் சம்பந்திகள் வரவேண்டும். அவர்களைக் கூப்பிட்டு என் பக்கத்து ஆட்களைக் கூப்பிடாமல் விட முடியாது. நோய்க்கு வராத ரெலிபோன் தீவுக்கு ஓயாமல் வந்தது. வான் பஸ்ஸானது. வள்ளம் இரண்டானது. பாணும் கட்லெட்டும், பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற் கூழ் ஆனது. கடற்கரைக்குப் போய்க் கூழ் காய்ச்சாமல் வருவதோ என்று யாரோ கேட்டார்கள். அதற்கும் நான் ஓம் என்றேன்.

மகன் வந்து இறங்கினான். கொஞ்சம் மெலிந்திருந்தான், தாடி நரைத்திருந்தது. முதல் மூன்று நாளும் வீடு வீடாகச் சோடா குடித்தான். நான் தீவை நம்பிக்கொண்டிருந்தேன். கடற்கரை நீளமானது, எங்காவது ஒரு மூலை கிடைக்கும் என்று.

நாங்கள் தீவுக்குப் போன நாள் கடல் மீன்காரர் சொன்னபடியேதான் கிடந்தது. நிழல் விழுந்தால் அடிவரை தெரிகிற தண்ணீர். பஸ்ஸில் பாட்டு. வள்ளம் ஏறும்போது பெரிய பானையும் நண்டும் ஒடியல் மாவும் என்னோடு ஒரு வள்ளத்தில் ஏறின. மகனை இளசுகள் மற்ற வள்ளத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அவன் தலை தூரத்தில் தெரிந்தது.

யார் பயணத்தைத் தொடங்கினாரோ அவர்தான் பானைக்குப் பொறுப்பு என்பது எங்கள் சனத்தின் எழுதாத சட்டம். ஆகவே நான் தாழை மரத்தடியில் கல் வைத்து அடுப்பு மூட்டினேன். புகை கண்ணைக் கரித்தது. மச்சாள் நண்டு உடைத்தார், மற்றவர்கள் புளி கூடவா குறையவா என்று தீர்ப்புச் சொன்னார்கள். என் மகன் கடலில் மிதந்தான். வழக்கம்போல அவன் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. இந்த முறை படத்தில் இல்லை, நேரே. வித்தியாசம் அவ்வளவுதான். நான் கூழைத் துழாவினேன். பனையோலைப் பிளாவில் ஊற்றி எல்லாருக்கும் கொடுத்தேன். அவனும் வந்து வாங்கி, நின்றபடியே குடித்துவிட்டு, "சோக்காயிருக்கு அம்மா" என்று சொல்லித் திரும்பவும் ஓடினான். இவ்வளவு பேருக்கு நடுவில் எனக்கு அழுகை வந்தது. புகை என்று சொன்னேன்.

சாப்பாடு முடிந்து சனம் மணலில் சாய்ந்த பிறகு அவனாகவே வந்தான். கையில் என் கண்ணாடி.

"வாங்கோ அம்மா. பழகினனான் எண்டியள்."

உடுத்திருந்த பருத்திச் சட்டையோடு இறங்கினேன். என் மணிக்கட்டை அவன் பிடித்துக்கொண்டான். இடுப்பளவு தண்ணீரில் முகத்தை வைத்தேன். தொட்டியில் பழகியது வீண்போகவில்லை, ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. கீழே முருகைக்கல். மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட சின்ன மீன்கள் எங்களைக் கவனிக்காமல் தங்கள் பாட்டுக்குப் போயின. பக்கத்தில் அவனுடைய கால். சின்ன வயதில் சைக்கிள் சங்கிலிக்குள் அகப்பட்ட தழும்பு அப்படியே இருந்தது. என் மூச்சுச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் நான் தினமும் கேட்கிற அதே அமைதிதான். ஆனால் இங்கே என் மணிக்கட்டில் ஒரு கை இருந்தது. இப்படியே இருந்துவிடலாம் என்று நினைத்தேன்.

இதுதான் நேரம் என்று அவன் கையை இழுத்தேன். இரண்டு பேரும் எழுந்து நின்றோம். குழாயை வாயிலிருந்து எடுத்தேன்.

"தம்பி, உனக்கொண்டு சொல்ல வேணும்."

"என்னம்மா?"

அதற்குள் கரையிலிருந்து கைதட்டல். மச்சாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, போனை முன்னால் நீட்டியபடி தண்ணீருக்குள் வந்துகொண்டிருந்தார். "மச்சாள், இஞ்சாலை பாருங்கோ, கண்ணாடியைப் போடுங்கோ, போட்டுக்கொண்டு பாருங்கோ." அவருக்குப் பின்னால் மற்றவர்கள். மகன் சிரித்து என் தோளில் கையைப் போட்டான். நானும் சிரித்தேன். அந்தப் படம் எல்லார் போனிலும் இருக்கிறது. நல்ல படம்தான்.

திரும்பும்போது அவன் பிடிவாதமாக என் வள்ளத்தில் ஏறி, பக்கத்தில் வந்து இருந்தான். சனம் களைத்துத் தூங்கி வழிந்தது. வெயில் சரிந்திருந்தது. வெங்காயத்தோடு பழகிய வசனத்தை நான் மனதுக்குள் எடுத்து வைத்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"அம்மா, நான் ஒண்டு சொல்லட்டே?"

"சொல்லு."

"இந்தமுறை நான் வந்ததே உங்களோடை ஒரு விசயம் கதைக்கத்தான். நீங்கள் இஞ்சை தனிய எண்டு எனக்கு அங்கை நித்திரை வாறேல்லை. உங்களைக் கூட்டிக்கொண்டு போவமோ, இல்லாட்டி நான் கொஞ்சக் காலம் வந்து நிப்பமோ எண்டெல்லாம் யோசிச்சுக்கொண்டுதான் வந்தனான்."

நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"இண்டைக்குப் பாத்தன்" என்றான். பஸ்ஸில் வந்த சனத்தையும், மச்சாள் என் மடியில் தலை வைத்து நித்திரையாய்க் கிடந்ததையும் கண்ணால் காட்டினான். "உங்களைச் சுத்தி எவ்வளவு சனம். இனி எனக்கு ஒரு கவலையும் இல்லை."

சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டான். பரீட்சை எழுதி முடித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் நாட்களில் அவனுக்கு இருந்த முகம் அது. இறங்கிய பாரத்தைத் தூக்கித் திரும்பவும் அவன் தலையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஓம் ராசா. சனத்துக்கு என்ன குறை" என்றேன்.

மிச்ச நாட்கள் மிச்ச வீடுகளுக்குப் போயின. பிறகு அவன் போய்விட்டான். வான் ஒழுங்கை முடக்கில் திரும்பியதும் சனமும் கலைந்தது. அடுத்த நாள் ஒருவரும் வரவில்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. பிறகு மச்சாள் வந்தார். கூழ்ப் பானை அவருடையது. "பிள்ளை சுகமாய்ப் போய்ச் சேர்ந்திட்டானோ?" என்று கேட்டு, பானையை எடுத்துக்கொண்டு போனார். அவரில் பிழை சொல்ல மாட்டேன். அவருக்கும் வீடு, வாசல், பேரப்பிள்ளைகள். என் முகக்கண்ணாடி கொடியிலேயே தொங்கியது. அதை எடுத்து உள்ளே வைக்க எனக்கு அலுப்பாக இருந்தது.

ஒரு பின்னேரம், படலையைப் பூட்டிவிட்டு வந்து இருந்த நேரம் போன் அடித்தது.

"எப்பிடி அம்மா?" பின்னால் எஞ்சின்.

"நல்லா..." என்று தொடங்கினேன். மிச்சம் வரவில்லை.

"அம்மா?"

"தம்பி, தீவிலை உனக்கொண்டு சொல்ல வேணும் எண்டனான்."

"ஓம், நானும் கேக்க மறந்துபோனன். சொல்லுங்கோவன்."

எங்கிருந்தோ அந்தத் தண்ணீருக்கடி அமைதி எனக்கு ஞாபகம் வந்தது. வாயால் இழுத்து வாயால் விட்டேன்.

"அண்டைக்கு நீ கண்டது உனக்கு வந்த சனம். எனக்கு வந்த சனம் இல்லை. நீ போனபிறகு உன்ரை மாமி பானை எடுக்க வந்தவ. வேறை ஒருத்தரும் எங்கடை படலை திறக்கேல்லை. ஆரிலையும் எனக்குக் கோபமில்லை. ஆனா எனக்குத் தனிய இருக்கேலாமக் கிடக்கு, ராசா."

அழாமல்தான் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் எஞ்சின் மட்டும் உறுமியது. "வெளிக்கிடுறன் அம்மா" என்று சொல்லப்போகிறான் என்று போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

எஞ்சின் நின்றது.

"சொல்லுங்கோ அம்மா" என்றான். "நான் வேலைக்குப் பிந்திப் போறன்."